சிறுமுதலும் நாவலும்: வீரகேசரிப் பிரசுரங்கள் பற்றிய ஒரு நோக்கு

நாவல் அச்சியந்திரத்தோடும் சந்தையோடும் உடன்பிறந்த இலக்கிய வடிவம் என்பது இன்று விளக்கம் வேண்டாத உண்மையாகும். தமிழ் நாவலின் தோற்றத்தை மத்தியதர வர்க்கத்தின் எழுச்சியோடும் உரைநடையின் வளர்ச்சியோடும் இணைத்து நோக்கும் முறையினைக் கைலாசபதி தமது 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்னும் நூலில் உறுதிப்படுத்தினார். சில்லையூர் செல்வராசனின் 'ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சி' (1967), நா. சுப்பிரமணியனின் 'ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியம்' (1978), சிவத்தம்பியின் 'நாவலும் வாழ்க்கையும்' (1978) ஆகிய நூல்கள் வரலாற்றுத் தரவுகளையும் சமூகவியல் நோக்கினையும் நமக்கு வழங்கியுள்ளன. எனினும், எழுதியவர் யார், எப்பொருள் பற்றி எழுதினார், எந்த வர்க்கத்தின் சார்பில் நின்று எழுதினார் என்னும் வினாக்கள் எழுப்பப்பட்ட அளவிற்கு, அந்நூலை அச்சிட்டவர் யார், அது எவ்வழியாக எடுத்துச் செல்லப்பட்டது, எவர் கையில் எவ்விலைக்குச் சேர்ந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படவில்லை. உற்பத்தியைப் பற்றிப் பேசிய நாம் விநியோகத்தை வணிகரின் அலுவலென ஒதுக்கிவிட்டோம்.

கைப்பணம் குறைந்த எழுத்தாளர் ஒருவர் தமது புதிய நாவலை வாசகரிடம் எவ்வாறு சேர்ப்பது என்பது மேலோட்டமாக நோக்குவார்க்கு விளம்பர நுட்பம் பற்றிய வினாவாகவே தோன்றும். அது நாவலின் உள்ளமைப்போடும் தொடர்புடைய வினா என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். ஒரு நாவல் எவ்வழியாகப் பரவப் போகிறதோ அவ்வழி, அந்நாவல் எழுதப்படும்பொழுதே அதனுள் இடம்பெற்றுவிடுகிறது. 1934ஆம் ஆண்டில் வால்ற்றர் பெஞ்சமின், ஒரு படைப்புத் தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கூறுகிறது என்று கேட்பதற்கு முன்னர், அவ்வுறவுகளுக்குள் அது எவ்விடத்தில் நிற்கிறது என்று கேட்குமாறு விமர்சகரை வேண்டினார். அவ்வினாவை ஈழத்து நாவலின்மீது எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான களம் கொழும்பு 14, கிராண்ட்பாஸ் வீதி 185ஆம் இலக்கக் கட்டடத்திலிருந்து 1970களில் வெளிவந்த வீரகேசரிப் பிரசுரங்களேயாம்.

1. பத்திரிகையின் தோளில் ஏறிய நாவல்

ஈழத்துத் தமிழ் நாவல் அதன் தொடக்கத்திலேயே பத்திரிகையாளரின் முயற்சியாக அமைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்ட சித்திலெப்பையே 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கியவர். பத்திரிகையின் வாசகர் கூட்டம் ஏற்கெனவே அமைந்திருக்க, நாவலுக்கென வேறொரு கூட்டத்தைத் தேடவேண்டிய தேவை அத்தகைய ஆசிரியருக்குக் குறைவு. 1930 ஆகத்து 6ஆந் திகதி பெ. பெரி. சுப்பிரமணியஞ் செட்டியாரால் தொடங்கப்பெற்ற வீரகேசரியில், அதன் ஆசிரியராயிருந்த எச். நெல்லையா தமது நாவல்களைத் தொடராக எழுதினார். பின்னர், கைலாசபதி தினகரன் ஆசிரியராயிருந்த காலத்தில், இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' அப்பத்திரிகையிற் தொடராக வெளிவந்தது.

தொடர்கதையின் பொருளாதாரம் எளிமையானது. பத்திரிகைக்கென வாங்கிய தாளில், பத்திரிகைக்கென அமர்த்திய தொழிலாளர் கோத்த எழுத்தில், பத்திரிகை செல்லும் வண்டியிலேயே நாவலும் சென்றது. நாவலுக்கெனத் தனியாகச் செலவிட்ட பணம் ஆசிரியருக்குக் கொடுத்த சிறுதொகை மாத்திரமே. பல வேளைகளில் அதுவுமில்லை. தொடர் முடிந்ததும் அந்நாவல் நூலுருப் பெறவேண்டுமாயின் இச்சலுகைகள் யாவும் ஒரேயடியாக மறைந்துவிடும். தாள், அச்சு, கட்டு என்பவற்றோடு, விற்பனவாளர்க்குக் கொடுக்கவேண்டிய கழிவும், அஞ்சற் செலவும், விற்காத பிரதிகளை அடுக்கிவைக்கும் இடமும் எழுத்தாளரின் தலையில் விழும். ஆயிரம் பிரதிகள் அச்சிட்டால் பிரதியொன்றின் அடக்கவிலை குறையும். ஆனால் ஆயிரத்தையும் விற்க வழியில்லை. முந்நூறு பிரதிகள் அச்சிட்டால் விற்கலாம். ஆனால் பிரதியொன்றின் விலை ஏழை வாசகரின் கைக்கெட்டாது. பத்திரிகைப் பக்கங்களிற் பிறந்த ஈழத்து நாவல்கள் பல நூலுருப் பெறாது போனமைக்கு இம்முரண்பாடே முதன்மையான காரணம் எனலாம். இம்முரணிலிருந்து விடுபட விரும்பியோர் சென்னையை நாடினர். செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' (1965), 'சடங்கு' (1966), 'செவ்வானம்' (1967) ஆகிய நாவல்கள் தமிழகத்தில் அச்சேறி இங்கு வந்து சேர்ந்தன. அதாவது, யாழ்ப்பாணத்து விவசாயியின் கதை பாக்குநீரிணையை இருமுறை கடந்த பின்னரே யாழ்ப்பாணத்து வாசகரை அடைந்தது.

2. கிராண்ட்பாஸின் வலைப்பின்னல்

களனியாற்றைக் கடக்கும் பெருந்துறை என்னும் பொருள்படப் போர்த்துக்கேயர் வழங்கிய பெயரே கிராண்ட்பாஸ் என மருவிற்று. பண்டகசாலைகளும் பட்டறைகளும், துறைமுகத்தையும் சந்தையையும் நம்பிவாழும் தமிழ், முஸ்லிம், சிங்களத் தொழிலாளரின் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த அப்பகுதியிலிருந்து நாடோறும் பத்திரிகைக் கட்டுகள் கோட்டைப் புகையிரத நிலையத்திற்குச் சென்றன. அங்கிருந்து இரவு வண்டிகளில் வடக்கிற்கும் கிழக்கிற்கும் மலைநாட்டிற்கும் அவை பயணமாயின. விடியும்பொழுது யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அற்றனிலும் பதுளையிலும் முகவர் கடைகளின் வாயிலிற் கட்டுகள் அவிழ்க்கப்பட்டன. தொடக்கத்தில் இந்திய வமிசாவளித் தமிழரின் நலன்களிற் சிறப்பாக அக்கறை கொண்டிருந்த வீரகேசரி, காலப்போக்கில் வடக்குக் கிழக்கு வாசகரையும் தனதாக்கிக்கொண்டது. ஒன்றையொன்று அறியாதிருந்த இரு தமிழ்ச் சமூகங்களை ஒரே முகவர் பட்டியலில் இணைத்த நிறுவனமாக அது விளங்கிற்று.

1970களின் முற்பகுதியில் இவ்வலைப்பின்னல் நாவலுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கான புறநிலைமைகள் கொள்கையாலும் நெருக்கடியாலும் உருவாகியிருந்தன. 1970இற் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியின் மத்தியில் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்திற்று. தென்னிந்திய வணிக சஞ்சிகைகளின் வருகையும் இதனாற் குன்றிற்று. அத்தகைய கட்டுப்பாட்டை ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள் நெடுங்காலமாகவே வேண்டிநின்றனர். சஞ்சிகைகளும் மலிவு நாவல்களும் வாசித்துப் பழகிய வாசகர் கூட்டம் இருந்தது. வாசிப்பதற்குரிய பண்டம் இல்லாது போயிற்று. அவ்வெற்றிடத்தை நிரப்பும் வலிமை இலாபநோக்குடைய பத்திரிகை நிறுவனமொன்றிடம் இருந்தது. எழுத்தாளர் சங்கங்களிடம் அது இருக்கவில்லை. இம்முரண்பாட்டை மறைக்காது கூறுதல் வேண்டும். தேசிய இலக்கியத்திற்காகப் போராடியோர் ஒரு தரப்பினர். அப்போராட்டத்தின் பயனை முதலில் அறுவடை செய்தோர் மற்றொரு தரப்பினர்.

நா. பாலேஸ்வரியின் 'பூஜைக்கு வந்த மலர்' (1972), செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' (1973), அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973), தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974), கே. டானியலின் 'போராளிகள் காத்திருக்கின்றனர்' (1975), தி. ஞானசேகரனின் 'குருதிமலை' (1979) எனப் பல நாவல்கள் இவ்வரிசையில் வெளிவந்தன. மெல்லிய அட்டையும் மலிவு விலையும் கொண்ட இந்நூல்களுக்கெனத் தனியான விளம்பரச் செலவு ஏறத்தாழ இல்லை எனலாம். விளம்பரம் சொந்தப் பத்திரிகையிலேயே வந்தது. விற்பனவிடமாகப் பத்திரிகை முகவரின் கடையே அமைந்தது. நூலைச் சுமந்து சென்றதும் பத்திரிகைக் கட்டோடு செல்லும் வண்டியே. ஒரு நாவலின் வாசகருக்கு அடுத்த நாவல் அறிமுகமாகும் வண்ணம் வெளியீடுகள் வரிசையாக அமைந்தமையால், ஒவ்வொரு நூலும் தனக்குப் பின்வரும் நூலின் விளம்பரமாகவும் பயன்பட்டது.

இது உலகிற் புதிய வழியன்று. 1935இல் இங்கிலாந்தில் அலன் லேன் தொடங்கிய பென்குயின் நூல்கள், புத்தகக் கடைகளுக்கு அப்பால், அன்றாடப் பொருள்கள் விற்கும் கடைகளில் ஆறு பென்சுக்கு விற்கப்பட்டமையாலேயே நிலைபெற்றன. தமிழகத்தில் 1969இல் தொடங்கிய 'ராணி முத்து', தினத்தந்தி நிறுவனத்தின் பத்திரிகை விநியோக வழியைப் பயன்படுத்தி மாதமொரு நாவலைப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுசென்றது. இவ்வெல்லாவற்றிலும் நூலுக்கெனப் புதிய வழி வெட்டப்படவில்லை. வேறொரு பண்டத்திற்காக ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்த வழியில் நூல் ஏற்றப்பட்டது. சிறுமுதலின் இரகசியம் இதுவேயாம்.

3. வழி விட்ட தடம்

இரவல் வாங்கிய வழிக்கு வாடகை உண்டு. அவ்வாடகை பணமாக அன்றி வடிவமாக அறவிடப்பட்டது என்பதை இந்நாவல்களை ஒருசேர வாசிப்போர் உணர்வர்.

முதலாவது, அளவு. மலிவு விலைக்குள் அடங்கவேண்டிய நூல் ஏறத்தாழ ஒரே பருமனில் அமையவேண்டியதாயிற்று. இதனால் ஒரு சமூகத்தின் பல தலைமுறைகளை, பல வர்க்கங்களின் மோதலை விரித்துக்காட்டும் பெருநாவலுக்கு இவ்வரிசையில் இடமில்லாது போயிற்று. ஒரு களம், சில பாத்திரங்கள், ஒரு பருவகாலம் என்பதே பொதுவான அமைப்பாயிற்று. 'வாடைக்காற்று' தீவகத்திற்கு மீன்பிடிப் பருவத்தில் வந்து வாடியமைக்கும் மீனவரின் வாழ்க்கையைக் கூறுவது. காற்றோடு வந்து காற்றோடு மீளும் மாந்தரின் கதை என்பதால் பருவகால எல்லைக்குள் நாவல் இயல்பாகவே நிறைவடைகிறது. அளவின் கட்டுப்பாட்டைக் கதைப்பொருளின் நியாயமாக மாற்றிய திறன் அங்குண்டு. அத்தகைய பொருத்தம் கிட்டாத நாவல்களில் இறுதி இயல்கள் அவசரப்படுவதைக் காணலாம். அவ்வவசரத்தை ஆசிரியரின் திறனின்மையாக மாத்திரம் கணிப்பது நியாயமாகாது.

இரண்டாவது, காதற்கதையின் ஆட்சி. பெரும்பாலான பிரசுரங்களிற் சமூகச் செய்தி காதற்கதையின் முதுகில் ஏறியே வருகிறது. 'நிலக்கிளி' தண்ணிமுறிப்பின் காடும் குளமும் வேட்டையும் உழவும் இணைந்த வாழ்க்கையை வியக்கத்தக்க நுணுக்கத்துடன் சித்திரிக்கிறது. கதிராமன் காடுவெட்டிக் கழனியாக்கும் பகுதிகளில் உழைப்பே அழகாக வெளிப்படுகிறது. எனினும் நாவலின் இயக்கவிசை பதஞ்சலி, கதிராமன், ஆசிரியர் சுந்தரலிங்கம் ஆகிய மூவரிடையே எழும் உணர்ச்சிச் சிக்கலாகவே அமைகிறது. நிலவுடைமை, குடியேற்றம், நீர்ப்பங்கீடு ஆகிய வினாக்கள் பின்னணியாகவே நின்றுவிடுகின்றன. தென்னிந்திய சஞ்சிகைகளாற் பழக்கப்பட்ட வாசகரை இழக்காதிருக்க வேண்டுமென்னும் விற்பனவு நியாயம் இங்குத் தொழிற்பட்டது எனக் கொள்வதில் தவறில்லை. தடுக்கப்பட்ட பண்டத்தின் வடிவம், அதன் இடத்தை நிரப்பவந்த பண்டத்தினுள் உயிர்த்திருந்தது.

மூன்றாவது, பிரதேசம். இதுவே முக்கியமானது. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தேசிய இலக்கியம், மண்வாசனை ஆகிய கோஷங்களை முன்வைத்தபொழுது, அவை தமிழக வணிக எழுத்தின் போலிமைக்கெதிரான, மக்களின் பேச்சையும் வாழ்வையும் இலக்கியத்திற்குரியவையென நிலைநாட்டும் போராட்டக் கோஷங்களாக இருந்தன. கிராண்ட்பாஸின் முகவர் பட்டியலில் அதே மண்வாசனை சந்தைப் பிரிவாக மாறிற்று. வன்னிக்கு ஒரு நாவல், மலையகத்திற்கு ஒரு நாவல், திருகோணமலைக்கு ஒரு நாவல் என அமையும்பொழுது ஒவ்வொரு பிரதேசத்திலும் வாங்குவதற்கு ஆள் இருப்பர். வீரகேசரி நடத்திய பிரதேச நாவற் போட்டியும் இந்நோக்கிற் சிந்திக்கத்தக்கது. செங்கை ஆழியானின் 'காட்டாறு' (1977) அத்தகைய போட்டியிற் பரிசுபெற்ற நாவல். போட்டியென்பது சிறுமுதலில் நிகழும் மிகச் சிக்கனமான விளம்பரம். பரிசுத்தொகையொன்றைக் கொடுத்து, நாடெங்கணும் எழுதுவோரையும் அவர்தம் சுற்றத்தாரையும் மாதக்கணக்கிற் காத்திருக்கச் செய்யும் உபாயம் அது.

இவ்வாறு கூறுவதால் மண்வாசனை சந்தையால் விழுங்கப்பட்டதென்று முடிவுகட்டுதல் இயங்கியல் நோக்காகாது. பண்டமாக்கப்பட்ட அக்கோஷம், அதனை எழுப்பியோர் தம் சொந்தப் பலத்தால் அடையமுடியாத ஒன்றைச் சாதித்தது. அற்றனிலுள்ள பாடசாலை ஆசிரியர் முல்லைத்தீவின் பேச்சுவழக்கை வாசித்தார். யாழ்ப்பாணத்துக் கந்தோர் எழுதுவினைஞர் லயக் காம்பறாவின் வாழ்வை வாசித்தார். தமிழ் பேசும் மக்கள் தாம் ஒருவரையொருவர் அறியாதிருந்தனர் என்பதையே இந்நாவல்களின் வாயிலாக அறிந்துகொண்டனர். கலைப்படைப்பு தன்னை நுகரும் மக்களையும் உருவாக்குகிறது என்று மார்க்ஸ் தமது 1857–58ஆம் ஆண்டுக் குறிப்புகளிற் கூறிய கருத்திற்கு ஈழத்திற் கிடைக்கும் சிறந்த உதாரணம் இதுவாகும். இலாபத்திற்காகத் திறக்கப்பட்ட வழியில், இலாபம் கணக்கிலெடுக்காத ஓர் உறவும் உருவாயிற்று.

4. வாங்கமுடியாத வாசகர்

ஆயினும் அவ்வுறவின் எல்லையையும் வரைந்துகாட்டல் வேண்டும். 'காலங்கள் சாவதில்லை' வெளிவந்த 1974ஆம் ஆண்டு, மலைநாட்டுத் தோட்டங்களில் உணவுப் பஞ்சம் கொடூரமாக நிலவிய காலம். 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பங்கிடப்பட்டு, கப்பலேறக் காத்திருந்த மக்களைப் பற்றியதோர் இலக்கியம் தோன்றியது பெருமைக்குரியதே. ஆனால் மாவுக்கு வரிசையில் நின்ற தொழிலாளிக்கு மலிவுப் பதிப்பும் மலிவானதன்று. அந்நாவலை வாங்கியோர் பெரும்பாலும் தோட்டப் பாடசாலை ஆசிரியர், கணக்கப்பிள்ளைமார், நகரக் கடைச் சிப்பந்திகள், தொழிற்சங்கக் காரியாலய ஊழியர் ஆகியோராகவே இருந்திருத்தல் கூடும். தொழிலாளியைப் பற்றிய நாவல் தொழிலாளிக்கு ஒருபடி மேலே நின்றது.

'குருதிமலை'யிலும் இவ்வினா எழுகிறது. பெருந்தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டதன் பின்னர் அக்காணிகளைப் பங்கிட முனைந்தபொழுது தொழிலாளர் காட்டிய எதிர்ப்பினை அந்நாவல் மையப்படுத்துகிறது. இவ்வரிசையிற் காதற்கதையின் ஆட்சியைத் தளர்த்திக் கூட்டுப்போராட்டத்தைக் கதையின் இயக்கவிசையாக்கிய நாவல் அதுவாகும். போராடிய மக்களே அதன் முதல்வாசகராகியிருக்க வேண்டியவர்கள். பத்திரிகை முகவரின் கடை நகரத்தில் இருந்தது. லயம் மலைமேல் இருந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்கும் ஆற்றல் பத்திரிகை நிறுவனத்திற்கு இல்லை. அதனிடம் அதை எதிர்பார்ப்பதும் பொருத்தமன்று. அத்தூரத்தைக் கடக்கத்தக்கவை தொழிற்சங்கங்களும் பாடசாலைகளுமே. சந்தாப் பணம் அறவிட ஒவ்வொரு தோட்டத்திற்கும் ஆளனுப்பிய மலையகத் தொழிற்சங்கங்கள், அதே ஆளின் கையில் நாவலொன்றைக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை வளர்த்துக்கொள்ளவில்லை.

இதற்கு மாறான ஓர் அனுபவமும் நம்மிடம் உண்டு. கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) கிராண்ட்பாஸின் வலைப்பின்னலுக்கு வெளியே வந்த நாவல். 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி ஊர்வலத்தோடு வேகம்பெற்று, 1968இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசம் வரை வளர்ந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களில் நேரடியாகப் பங்குகொண்ட ஒருவரின் எழுத்து அது. அந்நாவலின் கரடுமுரடான அமைப்பையும், பாத்திரங்களின் பெருக்கத்தையும், ஊர்கள்தோறும் தாவிச்செல்லும் கதைப்போக்கையும் பலர் குறைகூறியுள்ளனர். தனிமனிதக் காதலை அச்சாகக் கொள்ளாது ஒரு சமூகத்தையே பாத்திரமாக்கிய நாவலுக்கு அவை தேவைகள். முகவர் கடையில் நின்று புத்தகத்தைப் புரட்டும் முன்பின் அறியாத வாசகரை அந்நாவல் கவரவேண்டியிருக்கவில்லை. தன் கதையை ஏற்கெனவே அறிந்த மக்களை அது முன்னிலைப்படுத்திற்று. இயக்கமே அதன் விளம்பரம், இயக்கமே அதன் விநியோகம். அதே டானியல் 1975இற் கிராண்ட்பாஸ் வரிசைக்கும் ஒரு நாவலைக் கொடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது. இரு வழிகளும் ஒன்றையொன்று விலக்குவன என எழுத்தாளர் கருதவில்லை. விமர்சகரே அவ்வாறு கருதினர்.

மூன்றாவதொரு வழியை டொமினிக் ஜீவா காட்டினார். 1966 ஆகத்தில் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கி, இதழ்களைத் தாமே சுமந்து தெருத்தெருவாக விற்ற அவரது உழைப்பு நமது இலக்கிய வரலாற்றில் ஒரு வீரகதையாகவே பேசப்படுகிறது. அவ்வுழைப்பை வணங்கும் அதேவேளையில், ஆசிரியர், வெளியீட்டாளர், விற்பனவாளர் ஆகிய மூவரின் உழைப்பையும் ஒரே மனிதர் கூலியின்றிச் செய்யவேண்டியிருந்த நிலைமையை நாம் வணங்கவேண்டியதில்லை. சிறுமுதலின் குறையை எழுத்தாளரின் உடலுழைப்பு ஈடுசெய்தது. அத்தகைய ஈடு ஒரு மனிதரின் ஆயுளோடு முடிவடைவது, நிறுவனமாக வளர்வதன்று.

5. விழா என்னும் சந்தை

1977இற் பதவிக்கு வந்த அரசாங்கம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளை நீக்கித் திறந்த பொருளாதாரக் கொள்கையைப் புகுத்தியதும் தென்னிந்திய சஞ்சிகைகளும் மலிவு நாவல்களும் மீளவும் வந்து குவிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 1983 யூலையிற் கொழும்புத் தமிழர் வேட்டையாடப்பட்டனர். 1990இல் வடக்கிற்கான புகையிரதப் பாதை வவுனியாவோடு நின்றுபோயிற்று. இரவு வண்டியில் நாவல் பயணஞ்செய்த காலம் முடிவுற்றது. வீரகேசரிப் பிரசுர முயற்சியும் 1980களில் முன்னைய வேகத்திற் தொடரவில்லை. ஓர் இலக்கியப் போக்கின் தளர்ச்சிக்குக் காரணம் தேடும்போது படைப்பாளிகளின் வறட்சியை மாத்திரம் நோக்காது, தண்டவாளங்களையும் சுங்கவரியையும் நோக்குதல் வேண்டும்.

அவ்வழி அடைபட்ட இடத்தில் வளர்ந்ததே வெளியீட்டு விழா. வெள்ளவத்தையில், கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்திலும் பிறவிடங்களிலும் நடைபெறும் இவ்விழாக்களின் ஒழுங்கு யாவரும் அறிந்ததே. மங்கல விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, நூல் வெளியீடு, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதிகள் வழங்கல், நயவுரை, ஏற்புரை என அது செல்லும். முதற்பிரதியை வசதிபடைத்த வணிகரொருவர் பெரும்பணம் கொடுத்துப் பெறுவார். ஏனையோர் கடித உறையிற் பணமிட்டு, மேலே தம் பெயரெழுதிக் கொடுத்து, வரிசையில் நின்று பிரதி பெறுவர். சிறுமுதலுடைய எழுத்தாளர் அச்சகக் கடனின் பெரும்பகுதியை அன்று மாலையே தீர்த்துவிடலாம் என்பதே இவ்வழக்கத்தின் வலிமை.

ஆனால் இங்கு நிகழ்வது விற்பனவா என்பதை ஆராய்தல் வேண்டும். கலியாண வீட்டு அன்பளிப்புப் போன்று, உறையிலிட்ட பணம் நூலின் விலையைக் குறிப்பதில்லை. கொடுப்பவருக்கும் எழுத்தாளருக்கும் இடையிலான உறவைக் குறிக்கிறது. இன்று நான் உமது விழாவுக்கு வருவேன், நாளை நீர் எனது விழாவுக்கு வருவீர் என்னும் கைமாற்றுக் கணக்கில், நூல் வாசிக்கப்படவேண்டிய கட்டாயமே இல்லை. முதற்பிரதி பெறும் வணிகர், சந்தைக்கு முற்பட்ட காலத்துப் புரவலரின் இடத்தில் அமர்கிறார். நிலப்பிரபுத்துவ வழக்கம் அச்சுப் பண்பாட்டின் மண்டபத்தில் மீண்டும் விளக்கேற்றி வைக்கப்படுகிறது. வரலாற்று நோக்கில் இது கிராண்ட்பாஸிலிருந்து பின்னோக்கிய நகர்வாகும். பத்திரிகை முகவரின் கடையில் ஒரு நாவலை வாங்கிய அற்றன் வாசகர் ஆசிரியரை அறியார். ஆசிரியரும் அவரை அறியார். அவ்வறியாமையிலேதான் நாவலின் சுதந்திரம் அடங்கியிருந்தது. விழா மண்டபத்தில் ஆசிரியர் தம் வாசகர் யாவரையும் பெயர்சொல்லி அழைக்கலாம். அறிந்தவர்க்காக எழுதப்படும் நாவல் அறிந்தவரைப் புண்படுத்தத் தயங்கும்.

விமர்சனமும் இதனாற் பாதிப்புறுகிறது. நயவுரை வழங்க மேடையேறியவர் குறைகூறுதல் நாகரிகமன்று. அவ்வுரையே பின்னர்ப் பத்திரிகையில் மதிப்புரையாகவும், அடுத்த பதிப்பில் அணிந்துரையாகவும் உருமாறுகிறது. ஒரு நாவலைப் பரப்புவதற்கு மிகக் குறைந்த செலவில் அமையத்தக்க கருவி நேர்மையான மதிப்புரையே. ஒரு பிரதியும் அஞ்சற் கட்டணமும் மாத்திரமே அதற்குரிய செலவு. அக்கருவியை நாமே மழுங்கடித்துக்கொண்டு, வாசகர் இல்லையென வருந்துகிறோம்.

6. செய்யத்தக்கன

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தாளில்லாது பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டமையை நாம் கண்டோம். அதன் பின்னர் நூலொன்றின் அடக்கவிலை, சிறு வேதனம் பெறும் எழுத்தாளர் தனித்து நின்று தாங்கத்தக்கதாக இல்லை. ஆகவே சிறுமுதலில் நாவலைப் பரப்புதல் என்னும் வினா முன்னெப்போதையும்விட இன்று கூர்மையடைந்துள்ளது. கிராண்ட்பாஸ் அனுபவத்திலிருந்து நாம் பெறத்தக்க பாடங்கள் சில.

புதிய வழியை வெட்டுவதற்குப் பணம் செலவிடுதல் வீண். ஏற்கெனவே மக்கள் நடமாடும் வழியைக் கண்டறிதலே முதற்பணி. அன்று பத்திரிகைக் கட்டு அவ்வழியாயிருந்தது. இன்று ஆசிரியர் சங்கங்கள், தொழிற்சங்கக் கிளைகள், கூட்டுறவுச் சங்கங்கள், கிராமத்து வாசிகசாலைகள், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆகியன அவ்வழிகளாக அமையலாம். அச்சிடுவதற்கு முன்னரே இவ்வமைப்புகளின் வாயிலாக முன்பதிவுப் பணம் திரட்டப்படின், உறையில் வைக்கும் அன்பளிப்பின் இடத்தை வாசகரின் பங்குப்பணம் பெறும். பிரதிகளின் தொகையும் விலையும் அப்பதிவினால் நிர்ணயிக்கப்படலாம். தேங்கும் பிரதிகளின் சுமை குறையும். தனித்தனியே முந்நூறு பிரதிகள் அச்சிடும் பத்து எழுத்தாளர் ஒன்றிணைந்து ஒரே வரிசையாகத் தம் நாவல்களை வெளியிடின், கிராண்ட்பாஸ் வரிசைக்கு வாய்த்த நன்மை, அதாவது ஒரு நூல் மற்றொன்றை அறிமுகப்படுத்தும் நன்மை, அவர்களுக்கும் வாய்க்கும். தனியார் நிறுவனமொன்று செய்ததைக் கூட்டுறவு செய்யமுடியாதென்பதற்கு நியாயமில்லை.

அன்றைய பிரசுரங்களுள் பல 2005இல் தொடங்கிய நூலகம் மின்நூலகத்தில் இன்று இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. கைபேசி வைத்திருக்கும் தோட்டத்து இளைஞர், 1974இல் அவருடைய பாட்டனாரால் வாங்கமுடியாதிருந்த நாவலை இன்று விலையின்றி வாசிக்கலாம். ஆயினும் கிடைத்தலும் சேர்தலும் ஒன்றல்ல. அந்நாவல் அங்குளது என்பதை அவருக்குக் கூறுவோர் யார்? அதனை அவரோடு சேர்ந்து வாசித்து, அவர் கூறும் மறுப்பைச் செவிமடுப்போர் யார்? விலை என்னும் தடை நீங்கிய இடத்திற்றான், இதுவரை அத்தடையின் பின்னால் மறைந்திருந்த ஏனைய தடைகள் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றை நீக்குவது தொழில்நுட்பத்தின் பணியன்று. வாசகர் வட்டங்களின் பணி, ஆசிரியரின் பணி, இயக்கத்தின் பணி.

விமர்சகருக்கும் இதிற் கடமையுண்டு. 1970களின் விமர்சகர்கள் நாவலின் உள்ளடக்கம் முற்போக்கானதா என்று ஆராய்ந்தனர், அது வேண்டப்பட்டதே. அதனோடு, அந்நாவல் செல்லும் வழி முற்போக்கானதா என்னும் வினாவையும் நாம் இணைத்துக்கொள்ளல் வேண்டும். ஒரு நாவலை மதிப்பிடும்பொழுது அதன் விலை, பிரதிகளின் தொகை, அது விற்கப்படும் இடம், அதனை வாங்கமுடியாது போனவர் யார் என்பவற்றையும் மதிப்புரையிற் பதிவுசெய்யும் வழக்கம் நமது ஆய்விதழ்களில் உருவாதல் வேண்டும். நல்ல நாவலுக்கு வாசகர் தாமாகவே வந்துசேர்வர் என்னும் நம்பிக்கை, நல்ல பண்டத்திற்குச் சந்தை தானாகவே அமையும் என்னும் முதலாளித்துவ நம்பிக்கையின் இலக்கிய வடிவமேயன்றி வேறில்லை. கிராண்ட்பாஸிலிருந்து ஒவ்வோர் இரவும் கட்டுகளைத் தூக்கி வண்டியில் ஏற்றிய தொழிலாளர், அந்நாவல்களின் பக்கங்களில் எங்கும் பெயர் குறிக்கப்படாதவர்கள். ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை அடுத்து எழுதுவோர் அவர்களிடமிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.